அவள் வெட்டாத கதவு

யாதவகிரியில் ஆட்டோ நின்றபோது மாலை நாலு மணி. நல்ல வெயில். தெருமுனையில் ஒருவர் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லாத நேரம், கண்ணுகளா. பேய் இருட்டில்தான் வரும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவள் நிம்மி. ஹெப்பாள் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர். கணவன் டேவிஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பவன். ஆஷ்லி என்று ஆறு வயதில் ஒரே மகள். மீதி நேரத்தில் நிம்மி பாப்-அப் புத்தகம் செய்வாள். பார்த்திருப்பீர்கள்: பக்கத்தைத் திறந்தால் காகித வீடு எழுந்து நிற்கும், மூடினால் படுத்துக்கொள்ளும்.

யாதவகிரியில் ஒரு பழைய வீட்டைப் பாப்-அப் புத்தகமாகச் செய்து தரும் இந்த வேலை முதலில் வந்தது அவளுடைய தோழி ஜெனிஃபருக்கு. பாதி செய்துவிட்டு, அதை அப்படியே ஒரு துணிப்பையில் போட்டு நிம்மியிடம் கொடுத்துவிட்டாள்.

"மணிக்கட்டு போச்சுடீ. கத்தியைப் பிடிக்க முடியல. நீயே முடிச்சுக் குடு. உன்னை விட்டா நான் யாரை நம்பறது?"

கல்லூரி நாளிலிருந்து சிநேகிதம். ஆஷ்லிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்ட ஞானத்தாயும் ஜெனிஃபர்தான். நிம்மி மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் சகாயநாதன். எண்பதை நெருங்கியவர், தனியாக இருந்தார். வீடு பெரியது, ஓடு வேய்ந்த மேல்மாடி, சிவப்புத் தரை, சுவரெல்லாம் ஈரக்கறை. உள்ளே நுழைந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

"ஜெனிஃபர் பாதியில விட்டுடுச்சு. நீயாவது முடிப்பியாம்மா?"

"முடிச்சிடறேன் அங்கிள்."

"என் பேத்தி சோனியாவுக்கு. கிறிஸ்துமஸுக்கு வர்றா. அடுத்த வருஷம் இந்த வீடு இருக்காது, பில்டருக்குக் குடுத்தாச்சு. புத்தகத்திலயாவது பார்க்கட்டும்."

கதையையும் அவரே சொன்னார். சின்னக் கதை. அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், பெயர் செலின், வயது ஏழு. தசரா ஊர்வலத்தன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் யானையைக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் யானை எழுந்து நிற்க வேண்டும். தோளில் செலின் கைதட்ட வேண்டும்.

"இப்ப அவங்க எங்க இருக்காங்க அங்கிள்?"

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "போயிட்டா."

நிம்மி டேப்பை எடுத்து அறை அறையாக அளந்தாள். கூடம், சமையலறை, பதினோரு படி கொண்ட மரப்படிக்கட்டு. படிக்கட்டுக்குக் கீழே குனிந்து போகிற உயரத்தில் ஒரு கதவு இருந்தது. தாழ்ப்பாளின் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"இது?"

"சாமான் ரூம். அது வேணாம்மா. அங்க ஒண்ணும் இல்ல."

அந்தக் கதவருகில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பிறகு நிம்மி நினைத்து நினைத்துப் பார்த்தது அதைத்தான். பழைய வீட்டில் எங்கே நின்றாலும் பல்லியோ மரமோ குழாயோ ஏதாவது ஒலிக்கும். அங்கே மட்டும், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

---

பாப்-அப் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அட்டையில் மடிப்புக்கோடு கீறுவார்கள். துண்டின் ஒரு காதை, அதாவது ஒட்டுவதற்காக விட்ட நுனியை, பக்கத்தில் ஒட்டுவார்கள். இன்னொரு காதில் பசை தடவிவிட்டு, எங்கே ஒட்ட வேண்டும் என்று குறிபார்க்க மாட்டார்கள். அப்படியே புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூடிய இருட்டுக்குள் அந்தக் காது தன் இடத்தைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். கையால் வைத்தால் கோணிப்போகும். மூடிவிட்டு நம்ப வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பக்கமும் இரட்டைத் தாள். இழுக்கிற காதுகளெல்லாம் இரண்டு தாளுக்கும் நடுவே ஒளிந்திருக்கும். ஓரத்தை ஒட்டிவிட்டால் அந்தப் பையை அப்புறம் யாரும் பார்க்க முடியாது. ஒட்டுவதற்கு முன்னால் ஜெனிஃபர் அதற்குள் தன் பெயரைப் பென்சிலால் எழுதிவைப்பாள். நிம்மி எழுதுவது தன் பெயரை அல்ல, ஆஷ்லியின் பெயரை. எந்த ஊருக்கு எந்தக் குழந்தைக்குப் போகிற புத்தகமானாலும் அதனுள்ளே தன் மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று ஒரு தாயின் பைத்தியக்கார சந்தோஷம். இது டேவிஸுக்குக்கூடத் தெரியாது. ஜெனிஃபருக்கு மட்டும் தெரியும்.

ஜெனிஃபர் கொடுத்த புத்தகத்தில் மூன்றாம் பக்கம், அதாவது படிக்கட்டுப் பக்கம், ஓரம் கிழித்துத் திறந்திருந்தது. உள்ளே பென்சில் எழுத்தை அழித்த கறை. நிம்மி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை ஜெனிஃபர் போன் செய்தாள். "உள்ள பேரு எழுதிட்டியா?"

"எழுதாம இருப்பேனா?"

"ஒட்டிட்டியா?"

"இப்பதான். ஏன்டீ?"

"சும்மாதான். காயட்டும். காயட்டும்." வைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்து நிம்மி புத்தகத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தில் கேட் எழுந்தது. இரண்டாம் பக்கத்தில் கூடம் எழுந்தது. கூடத்தின் நடுவே அவள் ஒட்டியிருந்த சின்னப் பெண், வெள்ளைக் கவுனும் இரட்டைப் பின்னலுமாக இருந்த காகித செலின், அங்கே இல்லை.

மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். படிக்கட்டு விறைப்பாக எழுந்து நின்றது.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு கதவு.

நிம்மி அந்தக் கதவை வெட்டவில்லை. ஜெனிஃபரும் வெட்டியிருக்கவில்லை. ஆனால் அட்டை சுத்தமாக மூன்று பக்கம் வெட்டுப்பட்டு, கீல்போல மடிந்து, கொஞ்சம் திறந்திருந்தது. அதன் இடுக்கில் வெள்ளைக் கவுனின் நுனி.

அந்துருண்டை வாசனை வந்தது.

"ஆஷ்லி?" என்று கூப்பிட்டாள் நிம்மி. ஏன் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

அறை அறையாகத் தேடப் போனாள்.

---

அன்று ஆஷ்லி கட்டிலுக்கடியில் கிடைத்தாள். சனிக்கிழமை, அரிசி டிரம்முக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வாஷிங் மெஷினுக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

டேவிஸ் சிரித்தான். "கள்ளி! சோப்புப் போட்டுச் சுத்திவிட்டிருப்பேன், தெரியுமா?"

நிம்மிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒளிந்து விளையாடுகிற குழந்தை, கண்டுபிடித்தால் கத்திச் சிரிக்கும் அல்லவா? ஆஷ்லி சிரிக்கவில்லை. ஏமாந்த முகத்தோடு அவர்களைப் பார்த்தாள். தேடி வந்தது வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று காத்திருந்தவள்போல.

திங்கள் மதியம், பள்ளிக்கு லீவு. டேவிஸ் வேலைக்குப் போயிருந்தான். நிம்மி துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

அதே அமைதி. மூச்சைப் பிடித்துக்கொண்ட அமைதி.

கட்டிலுக்கடியில் இல்லை. டிரம்முக்குப் பின்னால் இல்லை. மெஷினுக்குள் இல்லை.

பீரோ பூட்டியிருந்தது. சாவி நிம்மியின் இடுப்பில் இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்தது.

பீரோவுக்குள்ளிருந்து முணுமுணுப்பு.

சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. கதவைத் திறந்தபோது ஆஷ்லி புடவைகளுக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஆனால் வாய் ஓயவில்லை.

"...எழுபத்திரண்டு கோடியே எழுபதாயிரத்து ஆறு... எழுபத்திரண்டு கோடியே எழுபதாயிரத்து ஏழு..."

யூகேஜி முடித்த குழந்தை. நூறு வரைக்கும் எண்ணச் சொன்னால் அறுபதில் தடுமாறுகிற குழந்தை.

"பாப்பா! என்னடா இது, என்னைப் பாரு!"

ஆஷ்லி அம்மாவின் வாயைத் தன் சின்னக் கையால் பொத்தினாள். "மாத்தாடபேடா அம்மா, பேசாதே. பேசினா எண்ணிக்கை விட்டுப் போயிடும். செலின் அக்கா எண்ணிட்டே இருக்காங்க. அவங்களுக்கு வலிக்குது, அதான் நான் கொஞ்சம் எண்ணித் தர்றேன்."

செலின் என்ற பெயரை நிம்மி தன் வீட்டில் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை.

---

டேவிஸை அவசரமாக வரவழைத்து, குழந்தையை அவனிடம் விட்டுவிட்டு, நிம்மி பன்னிமண்டபத்துக்குப் போனாள். ஜெனிஃபரின் ஃபிளாட் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தச்சர் மல்லப்பன் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தவை கதவுகள். பீரோக் கதவு, சமையலறை அலமாரிக் கதவு, கட்டில் பெட்டியின் மூடி, எல்லாம்.

"போன மாசம் இவங்களே எல்லாத்தையும் கழட்டுன்னாங்க மேடம்," என்றார் மல்லப்பன், நிம்மியைப் பார்த்து. "இப்ப மறுபடி மாட்டுங்கறாங்க. எனக்கென்ன, அடுத்த மாசமும் கழட்டினா சந்தோஷம்."

ஜெனிஃபர் குக்கரை ஸ்டவ்விலிருந்து தூக்கி இறக்கிவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றாள். நிம்மியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மணிக்கட்டு எப்படி இருக்கு ஜெனி?"

ஜெனிஃபர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அந்தக் கையாலதானே ஸ்டவ்வுல குக்கரைத் தூக்கிட்டிருந்தே?"

"மூணு தடவை பீரோக்குள்ள முழிச்சேன் நிம்மி." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "எப்படி உள்ள போனேன்னு தெரியாது. வாயில நம்பர் ஓடிட்டே இருக்கும். மூணாவது தடவை மூச்சே நின்னுபோச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க கடப்பாரை வெச்சுத் திறந்தாங்க. உள்ள எழுதின என் பேரை அழிச்சேன். அன்னைக்குத்தான் கட்டில்ல தூங்கினேன். ஆனா அவ போகல. கதவு கதவாத் தட்டிட்டே இருந்தா. யார் பேராவது வேணும் அவளுக்கு."

"நான் யார் பேரை எழுதுவேன்னு உனக்குத் தெரியும்."

மல்லப்பனின் ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

"உனக்கு மட்டும்தான் தெரியும் ஜெனி. அதனாலதான் என்கிட்ட குடுத்தே. போன் பண்ணி, எழுதிட்டியான்னு வேற கேட்டே."

"அவளும் குழந்தை. குழந்தையோட குழந்தை கொஞ்ச நாள் விளையாடிட்டுப் போயிடும்னு..."

"கோயில்ல தண்ணி ஊத்தினப்ப என் குழந்தை உன் கையில இருந்தா."

ஜெனிஃபர் தரையில் உட்கார்ந்து அழுதாள். நிம்மி தேற்றவில்லை. இருபது வருஷமாக அந்த அழுகை கேட்டால் ஓடிப்போய் அணைத்துக்கொண்டவள்தான். அன்று அந்த அழுகை பக்கத்து வீட்டு டிவிச் சத்தம்போலக் கேட்டது.

---

வீடு திரும்பியதும், ஆஷ்லியை மடியில் வைத்துக்கொண்டே, நிம்மி புத்தகத்தின் கடைசியில் சேர்க்க இன்னொரு பக்கம் செய்தாள். படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அறை. அந்த அறையை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் கத்தி தானாகப் போயிற்று. நாலு சுவர் வந்தது. நடுவில் ஒரு துணிப்பெட்டி வந்தது. பெட்டிக்கு மூடி வந்தது.

மாலை ஐந்துக்கு சகாயநாதனின் மேசையில் புத்தகத்தை வைத்தாள்.

"அன்னைக்கு எண்ணினது யாரு அங்கிள்?"

கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சி என் பொண்ணோட வாயால எண்ணிட்டிருக்கா. எண்ண வேண்டியவரு யாரு?"

புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னார். "நான்தான். கண்ணாமூச்சியில நூறு எண்ணணும். முப்பது எண்ணினேன், தெருவுல பேண்டுச் சத்தம் கேட்டுது. எல்லாப் பசங்களும் ஓடினாங்க. நானும் ஓடிட்டேன்."

"அப்புறம்?"

"ராத்திரி அப்பா கேட்டாரு. அத்தை வீட்டுல தூங்கறான்னு சொன்னேன். இல்லேன்னா பெல்ட்டால அடிப்பாரு. காலையில எழுந்து தேடிக்கலாம்னு நினைச்சேன்." உதட்டைத் துடைத்தார். "பெட்டித் தாழ் வெளிப்பக்கம் விழுந்திருந்துது. உள்ள நகத்தால..."

முடிக்கவில்லை. நிம்மியும் கேட்கவில்லை. அவர் முப்பதில் விட்டார். இருட்டில் படுத்திருந்த குழந்தை முப்பத்தொன்றிலிருந்து தானே எண்ணத் தொடங்கியிருக்கிறாள்.

நிம்மி மூன்றாம் பக்கத்தின் ஓரத்தைக் கத்தியால் கீறித் திறந்தாள். உள்ளே தன் கையெழுத்தில் மகளின் பெயர். அதை அழித்துவிட்டுப் பென்சிலை நீட்டினாள்.

"உங்க பேரை எழுதுங்க."

எழுதினார். கோணல்மாணலாக, முழுப் பெயரும். நிம்மி ஓரத்தை ஒட்டினாள். பிறகு கடைசிப் பக்கத்தை விரித்தாள். அறை எழுந்தது. பெட்டி எழுந்தது. மூடி மூடியிருந்தது. மூடியின் காதில் பசை இன்னும் ஈரம்.

"இப்ப மூடியைத் தூக்குங்க. பார்த்துட்டேன்னு சொல்லுங்க. அது ஒண்ணுதான் அவ கேக்கறது."

கிழவரின் விரல் பெட்டி வரை போயிற்று.

பெட்டிக்குள்ளிருந்து மிகச் சன்னமாக ஒரு குரல். எண்ணிக்கொண்டிருந்த குரல்.

அது நின்றது.

எழுபது வருஷத்தில் முதல்முறையாக அது எண்ணுவதை நிறுத்தி, காத்திருந்தது. கண்ணுகளா, அந்த ஒரு நொடியில் எல்லாம் சரியாகியிருக்கும். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

சகாயநாதனின் முகம் ஒன்பது வயதுப் பையனின் முகமாகச் சுருங்கியது.

"அங்க ஒண்ணும் இல்லம்மா," என்றார். புத்தகத்தைப் படாரென்று மூடினார். இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு அழுத்தினார். ஈரப்பசை ஓரம் வழியே பிதுங்கியது.

நிம்மி பிடுங்கப் பார்த்தாள். முடியவில்லை. பக்கங்கள் ஒரே கட்டையாக ஒட்டிப்போயிருந்தன.

"ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போம்மா. ஒண்ணும் இல்ல."

---

மறுநாள் காலை பத்து மணிக்கு, அவர் வீட்டில் வேலை செய்கிற தேவம்மா போன் செய்தாள். "பெரியவரைக் காணமுங்க. வாசக்கதவு, பின்கதவு எல்லாம் உள்தாழ் போட்டிருக்குது. ஓட்டைப் பிரிச்சு உள்ள எறங்கினோம். ஆளு இல்லீங்களே."

நிம்மி போனபோது சாமான் அறைக் கதவையும் உடைத்திருந்தார்கள். வெறும் அறை. எழுபது வருஷமாக அங்கே பெட்டியென்று ஒன்று கிடையாது.

மேசையில் புத்தகம் திறந்திருந்தது. பசை ஒட்டிய தடம்கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் அறை நின்றது. காகிதப் பெட்டி மூடியிருந்தது. நிம்மி குனிந்து காதை வைத்தாள்.

"...முப்பத்தஞ்சு... முப்பத்தாறு..."

வயதான குரல். இரைக்கும் குரல்.

மூடிக்கு அவள் விரல் போனது. குரல் சட்டென்று நின்றது. நிம்மி விரலை இழுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது.

போலீசுக்குச் சொல்லிவிட்டு, புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கேட்டில் இல்லை. கூடத்தில் இல்லை. படிக்கட்டில் இல்லை. சமையலறையில் இல்லை. யானைக்குப் பக்கத்திலும் இல்லை.

வெள்ளைக் கவுன் பெண் எந்தப் பக்கத்திலும் இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்தபோது ஆஷ்லி ஹாலில் குப்புறப் படுத்து, ஒரு கிளிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, பழைய ஆஷ்லியாக இருந்தாள். நிம்மி அவளை அள்ளி மடியில் போட்டு, நெற்றியிலும் தலையிலும் முத்தமிட்டாள்.

"பாப்பா, இன்னைக்கு ஒளிஞ்சுக்கலையா?"

"நான் அவுட்டும்மா. என்னை விட்டுட்டாங்க."

"அக்கா போயிட்டாங்களா?"

"இல்லயே. இப்ப அவங்க டர்ன். அவங்கதான் தேடறாங்க."

"யாரைடா?"

ஆஷ்லி டப்பாவில் பச்சைப் பென்சிலைத் துழாவினாள். "ஜெனி ஆன்ட்டியை."

நிம்மி போனை எடுத்தாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னிக்கவில்லை. அந்தப் பெயரைப் போனிலிருந்து அழித்தும்விட்டாள். ஆனால் இருபது வருஷப் பழக்கம், எண் விரலுக்கே தெரிந்திருந்தது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

துணி உரசுகிற சத்தம் மட்டும். மூடிய இடத்தில் விடுகிற மூச்சு.

"ஜெனி? எங்க இருக்கே? உடனே வெளிய வா..."

"ஷ்ஷ்!" ஜெனிஃபரின் குரல்தான். நிம்மிக்கு அதைத் தெரியாதா? ஆனால் அது அவ்வளவு சின்னதாக, அவ்வளவு ஆவலோடு ஒலித்ததை அவள் கேட்டதே இல்லை.

"பேசாதே நிம்மி. இப்பதான் எண்ணி முடிச்சா."

அதற்கப்புறம் கேட்டது, ஒரு கைப்பிடி மெதுவாகத் திரும்பும் ஓசை.